அமலி ஒன்றும் சொல்ல மாட்டாள்

ஜனவரி 6

ஆராய்ச்சி செய்கிறவர்கள் அன்றன்றைக்கு நடந்ததை எழுதி வைக்க வேண்டுமாம். என் கைடு சங்கரநயினார் சாரின் கட்டளை. "எதுக்கு இந்த முடிவெடுத்தோம்னு பின்னாடி உங்களுக்கே மறந்துபோகும் ஜெசிந்தா, எழுதி வைங்க" என்றார். சரி, எழுதுகிறேன். எழுதுவதெல்லாம் ஆராய்ச்சியாகவே இருக்கும் என்று மட்டும் அவர் எதிர்பார்க்கக் கூடாது.

இன்றைய ஆராய்ச்சி: உளுந்து ஊறப்போட மறந்தேன். மகள் மெர்லினின் ஸ்கூல் வேன் பஞ்சர். எனக்குக் கடைசி பீரியட் வகுப்பு இருந்ததால் அமலி போய்க் கூட்டிவந்தாள். அவளே உளுந்தும் போட்டுவிட்டாள்.

அமலி என் நாத்தனார். நாற்பதைத் தொடப் போகிறாள், கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். என் ஆராய்ச்சிக்கு அந்த ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துவிட்டவளே அவள்தான். மேட்ரனிடம் போய், "எங்க மைனி கம்ப்யூட்டர் டீச்சரு. நம்ம டூட்டி சார்ட்ட கம்ப்யூட்டரே போடுத மாதிரி செஞ்சு தாரேங்காவ" என்று சொல்லி அனுமதி வாங்கித் தந்தாள். மேட்ரனுக்குச் சந்தோஷம். மாதாமாதம் சார்ட் போட்டுப் போட்டு அவருக்குத் தலைவலியே வந்துவிட்டதாம்.

ஜனவரி 8

மேட்ரன் எப்சிபாவோடு இன்று உட்கார்ந்தேன். ஆள் சின்னவர், குரல் பெரியது.

அனுபவசாலி ஒருவரின் தலைக்குள் இருப்பதை விதிகளாக்கிக் கணினிக்குள் வைப்பதுதான் எங்கள் வேலை. 'உங்கள் விதி என்ன?' என்று நேராகக் கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்லச் சொன்னால் விதி தானாக விழும்.

"சார்ட் போட்டாச்சு. திடீர்னு ஒரு சிஸ்டர் வரல. என்ன செய்வீங்க?"

"வேற வார்டுல ஆள் கூட இருந்தா இழுப்பேன்."

"இல்லன்னா?"

"ஆஃப்ல இருக்கவளக் கூப்பிடுவேன்."

"ஆஃப்ல நாலு பேரு இருந்தா யாரை?"

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "உங்க நாத்தனாரத்தான் டீச்சர். அமலி ஒண்ணும் சொல்ல மாட்டா பாத்துக்கிடுங்க. மத்தவளுவளக் கூப்பிட்டா மாமியாருக்குச் சொகமில்ல, பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஆயிரம் கதை வரும்."

சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டேன். விதியில் ஆள் பெயர் வரக் கூடாது என்பது நாங்கள் படிக்கும் முதல் பாடம். பெயரை எடுத்துவிட்டு, அந்த ஆளிடம் இருக்கும் குணத்தைப் போட வேண்டும். யார் எத்தனை முறை 'வர முடியாது' என்று சொன்னார்கள் என்று வார்டு இன்சார்ஜிடம் கணக்கு இருந்தது. அதைக் கேட்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து விதியை எழுதினேன்: காலி இடம் விழுந்தால், ஓய்வில் இருப்பவர்களில் இதுவரை மிகக் குறைவாக மறுத்தவரை அழை.

எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது! யார் பெயரும் இல்லை. படித்துப் படித்துப் பார்த்தேன், பெருமையாக இருந்தது. அமலி காபி கொண்டுவந்து வைத்தாள். "உன்னைப் பத்திதான் எழுதுதேன்" என்றேன். "என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று போய்விட்டாள்.

ஜனவரி 13

அத்தைக்குக் கண்ணில் புரை. அம்மாவை டாக்டரிடம் அமலிதான் கூட்டிப் போனாள். எனக்குப் பேப்பர் திருத்தும் வேலை.

ஜனவரி 20

சார் இன்று முழுவதையும் ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். மேட்ரனின் அறிவு ஒன்றுதான், அதை வைத்துக் கணக்குப் போடும் வழிகள் இரண்டு. ஒன்று, பழைய மாதத்தைத் தழுவுவது: இந்த மாதத்தைப் போலவே இருந்த ஒரு பழைய மாதத்தைத் தேடி எடுத்து, அந்த சார்ட்டையே வெட்டி ஒட்டிப் போடுவது. இன்னொன்று, போட்டுத் திருத்துவது: முதலில் தோராயமாக ஒரு சார்ட் போட்டுவிட்டு, எங்கே விதி உடைகிறதோ அங்கே மேட்ரன் சொன்ன வரிசைப்படி சரிசெய்துகொண்டே போவது. ஜனவரியில் முதல் வழி ஓடுகிறது. பிப்ரவரியில் இரண்டாவது. எது நல்லது என்பதுதான் என் ஆய்வு.

"நல்லதுன்னு எதை வச்சு சொல்லுவீங்க?"

"ஆள் இல்லாம விழுந்த டூட்டி எத்தனை, சார்ட் போட எவ்வளவு நேரம் ஆச்சு, நர்ஸுங்கட்ட இருந்து எத்தனை புகார் வந்துச்சு."

"புகார் நல்ல அளவுகோல். ஆளுங்க திருப்தியா இருக்காங்களான்னு அதுதான் காட்டும்" என்றார். நானும் தலையாட்டினேன்.

ஜனவரியில் புகார் வந்து குவிந்துவிட்டது. பழைய மாதத்தைத் தழுவினால் அந்த மாதத்தின் சலுகையும் சேர்ந்து வந்துவிடுகிறது. போன வருஷம் பொங்கலுக்கு லீவு கிடைத்த ஸ்டெல்லாவுக்கே இந்த வருஷமும் பொங்கல் லீவு. கிடைக்காதவர்கள் மேட்ரன் ரூம் வாசலில் நின்று கத்தினார்களாம். நடந்ததை அமலிதான் நடித்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தோம். அவளுக்குப் பொங்கலன்று டூட்டி. வீட்டில் பொங்கல் வைத்து முடித்து இறக்கிவிட்டுத்தான் போனாள்.

பிப்ரவரி 1

இரண்டாவது வழி ஓட ஆரம்பித்தாயிற்று. மார்ச்சில் ஆய்வுச் சுருக்கத்தைப் பல்கலைக்கழகத்தில் எல்லார் முன்னாலும் வைத்துப் பேச வேண்டும். இந்த முறை விட்டால் என் பதிவுக் காலம் முடிந்துவிடும், எல்லாம் முதலிலிருந்து. எத்தனை வருஷத்து உழைப்பு! லூர்து மாதாவே, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 5

அடுப்பங்கரையில் நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது அமலி வந்து பக்கத்தில் நின்றாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று தெரிந்தது. கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் கேட்க வந்தால் முகத்திலேயே தெரிந்துவிடும்.

"மைனி, ஒண்ணு சொன்னா யார்ட்டயும் சொல்லாதிய. கவர்மென்ட் நர்ஸ் பரீட்சைக்குப் போட்டிருக்கேன். இருபத்தி ரெண்டாம் தேதி, ஞாயித்துக்கிழமை. பேட்டையில ஒரு காலேஜ்ல."

"நல்லதுதானே. அதுக்கு எதுக்கு ரகசியம்?"

"ஆஸ்பத்திரில தெரிஞ்சா ஒப்பந்தத்தப் புதுப்பிக்க மாட்டாவ. போகப் போறவளுக்கு எதுக்குன்னுவாவ. அதான் லீவும் கேக்க முடியல." துருவிய தேங்காயை எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். "எனக்கு இதோட வயசு தாண்டிருது மைனி. அடுத்த தடவ போட முடியாது. அதுக்கு முந்தின நாள் நைட் டூட்டி மட்டும் விழாம பாத்துக்கிடுதியளா? என்னால முடியாது. ராத்திரி முழிச்சிட்டுப் போயி ஒண்ணும் எழுத முடியாது."

"பாக்கேன்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அரை மூடித் தேங்காயை என்னிடமிருந்து பிடுங்கி அவளே துருவ ஆரம்பித்தாள்.

பார்க்கிறேன் என்றால் செய்கிறேன் என்று அர்த்தமா என்ன? சார்ட்டைக் கணினி போடுகிறது. நான் கை வைத்தால் பிறகு அது என்ன ஆய்வு? அதுவும் சொந்த நாத்தனாருக்காக. ஊரே காறித் துப்பும்.

பிப்ரவரி 9

அமலிக்கு மறுபடியும் நைட். இந்த மாதம் பிறந்ததிலிருந்து யாராவது வராவிட்டால் கணினி அவளைத்தான் கூப்பிடுகிறது. ஏன் என்று உட்கார்ந்து பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை, நான் எழுதிய விதிதான். மிகக் குறைவாக மறுத்தவரை அழை. அமலியின் மறுப்பு பூஜ்யம். கூப்பிட்டால் வருகிறாள், வருவதால் பூஜ்யமாகவே இருக்கிறாள், பூஜ்யமாக இருப்பதால் மறுபடியும் கூப்பிடுகிறது. செக்கு மாடு மாதிரி அதே வட்டம்தான். இதிலிருந்து வெளியே வர ஒரே வழி, அவள் ஒரு தடவை முடியாது என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை.

சாரிடம் போனில் சொன்னேன். யாருக்கு என்று சொல்லவில்லை, "ஒரு நர்ஸுக்கு அதிகமா விழுது சார்" என்றேன்.

"அது நல்ல கண்டுபிடிப்பு. ஆய்வேட்டுல 'வழியின் வரம்புகள்'னு ஒரு பத்தி போடுங்க. ஆனா நடுவுல தொடாதீங்க. அவங்ககிட்டயும் எதுவும் சொல்லாதீங்க. சொன்னா அவங்க நடத்தை மாறும், தரவு கெட்டுப்போகும்."

சார் சொல்வது சரிதான். சரியாக இருப்பது இவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 12

மெர்லினுக்கு ப்ராஜெக்ட், தெர்மோகோலில் கலங்கரை விளக்கம். அமலி பகலில் தூங்காமல் செய்து கொடுத்தாள். ரொம்ப அழகு.

பிப்ரவரி 15

பூசை முடிந்து வரும் வழியில் அமலியும் நானும் மட்டும் நடந்து வந்தோம். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. பரீட்சைக்கு என்ன படித்தாள் என்று கேட்டேன். "புஸ்தகத்தத் திறந்தா எழுத்தெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிடுது மைனி" என்று சிரித்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிருடி, அது போதும், பிறகு உன்னைக் கூப்பிடாது என்று. நாக்கு நுனி வரை வந்தது. மூலைக் கடையில் பால் பாக்கெட் வாங்க வேண்டும் என்று ஞாபகம் வந்தது, அதைச் சொன்னேன். அவள் போய் வாங்கி வந்தாள்.

பிப்ரவரி 18

சாம்பல் புதன். நெற்றியில் சாம்பலோடே ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேட்ரன் எப்சிபா டீ வாங்கிக் கொடுத்துப் புகழ்ந்து தள்ளிவிட்டார்.

"நல்ல காரியம் செஞ்சிய டீச்சர். முன்னால எல்லாம் சார்ட்ட நான்தான் கையால போடுவேன். அமலிக்கு ரெண்டு நைட் சேந்தாப்புல போட்டேன்னா மறுநாள் அவ மூஞ்சியப் பாக்க முடியாது எனக்கு. பாவம்னு மூணாவது தடவ வேற ஆளப் போட்டுருவேன். இப்ப அந்தத் தொந்தரவே இல்ல. 'நான் இல்ல, கம்ப்யூட்டர் போட்டுச்சு'ன்னு சொல்லிருதேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அந்தப் 'பாவம்' என்பதை இவர் என்னிடம் சொல்லவே இல்லையே! கேட்டுக் கேட்டு எழுதிய விதிகளில் அது இல்லை. இவருக்கே அது ஒரு விதி என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. 'ஏன் எப்போதும் அமலி?' என்று அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதுவும் விழுந்திருக்கும். நான் சிரித்தேன், குறித்துக்கொண்டேன், வந்துவிட்டேன்.

புதிய விதி சேர்க்க இது நேரமில்லை. மாதம் முடியட்டும். முடிந்ததும் முதல் வேலை அதுதான்.

பிப்ரவரி 21

சனிக்கிழமை. மத்தியானம் ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்தி வீட்டில் நிச்சயதார்த்தம். இன்றைய நைட்டுக்கு ஆள் காலி. அமலிக்குப் போன் வந்தது. மெர்லினின் யூனிபார்மைத் துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்புக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பேசினாள். "சரி சிஸ்டர்" என்றாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மறுபடியும் குனிந்து துவைக்கப் போய்விட்டாள்.

நான் உள்ளே போய் மடிக்கணினியைத் திறந்தேன். அமலியின் மறுப்புக் கட்டத்தில் பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று போட்டேன். உடனே பெயர் மாறியது. ரோஸ்பெல். ரோஸ்பெல்லுக்கு மூன்று நாளாக ஆஃப். ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான் வீடு. இன்சார்ஜுக்கு ஒரு செய்தி போனால் முடிந்துவிட்டது காரியம்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒன்றை அழித்துவிட்டுப் பூஜ்யத்தைப் போட்டேன். அமலியின் பெயர் திரும்பி வந்தது.

சும்மா என்ன ஆகிறது என்று பார்த்ததுதான். மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது கையால் மாற்றினால் மாதம் முழுக்கவும் குப்பை. அதோடு, நாளைக் காலை எட்டு மணிக்கு டூட்டி முடிகிறது, ஒன்பதுக்குத்தான் பரீட்சைக்குக் கேட்டை அடைப்பார்கள். என் வீட்டுக்காரர் பைக்கில் கொண்டுவிடுவார். போய்ச் சேர்ந்துவிடலாம். படித்த பிள்ளை, எழுதிவிடுவாள்.

அவளுக்குச் சாப்பாடு நானே கட்டிக் கொடுத்தேன். முட்டை பொரித்து வைத்தேன்.

பிப்ரவரி 22

பூசைக்குப் போகவில்லை. அமலியால் பரீட்சை எழுத முடியவில்லை.

பிப்ரவரி 24

நேற்றும் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

காலையில் மாற்ற வர வேண்டியவள் ஞாயிறு ஆராதனை முடித்து மெதுவாக வந்திருக்கிறாள். வார்டை ஒப்படைக்காமல் அமலி எப்படி இறங்குவாள்? இவர் கீழே பைக்கோடு நின்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தாராம். பறந்துதான் போயிருக்கிறார்கள். கேட்டைச் சாத்திவிட்டார்கள். யூனிபார்மோடு நின்று வாட்ச்மேனிடம் கெஞ்சியிருக்கிறாள். அமலி ஒருத்தரிடம் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை என்று இவர் சொன்னார். சொல்லும்போது இவர் குரல் உடைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. அத்தைக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டாள். குளித்தாள். ஹால்டிக்கெட்டை மடித்து பைபிளுக்குள் வைத்தாள். படுத்துவிட்டாள்.

நான் அன்று பூராவும் வீட்டைக் கூட்டினேன். கூட்டின இடத்தையே கூட்டினேன்.

பிப்ரவரி 28

முடிவு வந்துவிட்டது. போட்டுத் திருத்தும் வழி: ஆள் இல்லாமல் விழுந்த டூட்டி, இல்லை. சார்ட் போடும் நேரம், சில நிமிஷம். புகார், இல்லை.

சார் போனிலேயே கை தட்டாத குறை. "ஒரு புகார்கூட இல்லையா? பிரமாதம் ஜெசிந்தா! ஜனவரியோட வச்சுப் பாருங்க, மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். பதினேழாம் தேதி பேசிருங்க."

புகார், இல்லை. அட்டவணையில் எவ்வளவு லட்சணமாக உட்கார்ந்திருக்கிறது!

பாவம் என்ற விதியைச் சேர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா, இன்னும் சேர்க்கவில்லை. மேட்ரன் மார்ச்சுக்கும் இதே வழியில்தான் சார்ட் போடுகிறார்.

மார்ச் 6

வெள்ளி. சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து, ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வரிசையில் நின்றேன். ஆன்ம சோதனைப் புத்தகத்தைப் புரட்டினேன். பொய் சொன்னாயா? சொல்லவில்லை. திருடினாயா? இல்லை. பிறருக்குக் கெடுதி செய்தாயா? செய்தேனா? நான் எதையுமே செய்யவில்லை. செய்யாமல் இருந்தேன். அதற்கு அந்தப் புத்தகத்தில் என்ன கேள்வி என்று தேடிக்கொண்டிருக்கும்போதே என் முறை வந்துவிட்டது.

அத்தையிடம் எரிந்து விழுந்தேன், மெர்லினை அடித்தேன், ஒரு ஞாயிறு பூசை காணவில்லை என்றேன்.

"வேற?" என்றார் ஃபாதர்.

"அவ்வளவுதான் ஃபாதர்."

மார்ச் 10

இன்று சண்டை. சண்டை என்று சொல்ல முடியாது, நான் மட்டும்தான் கத்தினேன்.

அமலிக்கு மறுபடி நைட் என்று போன் வந்தது. அவள் 'சரி சிஸ்டர்' என்று சொன்னதைக் கேட்டதும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "ஏன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ முடியாதுன்னு சொன்னா என்ன? அன்னைக்கு நீ சொல்லிருந்தா வேற ஆளுக்குப் போயிருக்கும். பரீட்சையும் எழுதிருப்ப. உன்னாலதான் எல்லாம்!"

அத்தை படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். அமலி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த துண்டை முழுதாக மடித்து வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"சொன்னேன்லா மைனி."

"யார்ட்ட சொன்ன?"

"உங்கட்டதான். தேங்கா துருவும்போது. என்னால முடியாதுன்னு சொன்னேன்லா. நீங்க பாக்கேன்னு சொன்னியளேன்னு அந்த நிமிஷம் வரைக்கும் இருந்தேன்."

கோபமே இல்லை அவள் குரலில். எதையோ வைத்த இடத்தை ஞாபகப்படுத்துவது போலச் சொன்னாள். பிறகு, "என்னமோ விதின்னு போட்டும், விடுங்க" என்று அடுத்த துணியை எடுத்தாள்.

விதி இல்லை அமலி. விதி நான்தான் எழுதினேன்.

வாய்விட்டுச் சொல்லவில்லை. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 11

பின்னால் புரட்டிப் பார்த்தேன். பிப்ரவரி ஐந்தாம் தேதி என் கையெழுத்திலேயே இருக்கிறது, 'என்னால முடியாது' என்று. அவள் வாழ்க்கையிலேயே சொன்ன ஒரே மறுப்பு. மேட்ரனிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னதால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. சார்ட்டைப் பற்றி வந்த புகாரும் அதுதான், எடுத்திருந்தால் புகார் இல்லை என்ற வரி பொய். பொய் சொன்னாயா என்று புத்தகம் கேட்டதே, அதற்கும் பதில் மாறுகிறது.

சாரிடம் போய்ச் சொன்னேன், எல்லாவற்றையும். பூஜ்யத்தை ஒன்றாக்கிப் பார்த்ததையும் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வீட்ல அடுப்பங்கரைல சொன்னதெல்லாம் தரவு ஆகாதும்மா. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். ஆனா இப்போ அட்டவணைய மாத்தினா, ஏன் எதுக்குன்னு ஆயிரம் கேள்வி வரும். பேசி முடிங்க. பிறகு பாக்கலாம்."

பார்க்கலாம் என்றார். நானும் அப்படித்தான் ஒருத்தியிடம் சொன்னேன் சார், என்று சொல்ல வாய்வரை வந்தது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த விதியை எடுத்துவிட்டேன். கடைசியாக இப்படி வந்தவரை இனி வரிசையில் கடைசிக்குத் தள்ளு என்று புதிதாக எழுதினேன். மேட்ரன் முகம் சுளித்தார். "அப்ப இனி ஸ்டெல்லாவ எல்லாம் கூப்பிடணுமா? அவ கத்துவாளே டீச்சர்!"

"கத்தட்டும்" என்றேன்.

அமலியின் பரீட்சைக்கு இது எந்த வகையிலும் உதவாது. அது எனக்குத் தெரியும்.

மார்ச் 15

அத்தைக்கு ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள். பதினேழு. நான் பேச வேண்டிய அதே பதினேழு.

சாப்பிட உட்கார்ந்தபோது பேச்சு வந்தது. இவர், "அன்னைக்கு எனக்கு லோடு இருக்கு, லாரி ஆபீஸ விட்டு நகர முடியாது" என்றார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டே, "அதான் அமலி இருக்கால்லா. அவளுக்கு அன்னைக்கு ஆஃப்தான். அவ பாத்துக்கிடுவா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. மெர்லின் வேன், உளுந்து, பால் பாக்கெட், கண் டாக்டர், தெர்மோகோல் கலங்கரை விளக்கம். மேட்ரனிடம் போய்க் கேட்டு எழுதியிருக்க வேண்டியதே இல்லை. இந்த வீட்டில் அதே விதி எத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது!

அமலி ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"என்னால முடியாது மைனி."

இவர் கை வாய்க்கும் தட்டுக்கும் நடுவில் நின்றது. அத்தை, "என்னடி சொல்லுத?" என்றார். "ஏன், ஆஸ்பத்திரில ஏதும் இருக்கா?" என்று இவர் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. அன்னைக்கு எனக்கு ஆஃப். நான் தூங்கப் போறேன்."

மெர்லின் அப்பளம் கேட்டாள். நானே எழுந்து போய் எடுத்து வந்தேன்.

மார்ச் 17

கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தையை உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள். பச்சைத் துணியைப் பார்த்ததும் பயந்துபோய் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் என் கையைப் பிடித்தது இதுதான் முதல் தடவை. எப்போதும் அமலி கைதான்.

காலையில் நாங்கள் கிளம்பும்போது அமலியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. மெர்லின் தட்டப் போனாள், வேண்டாம் என்று இழுத்துக்கொண்டேன். அவளை நானே பள்ளியில் விட்டேன்.

மடிக்கணினி மடியில்தான் இருக்கிறது. அட்டவணையைத் திறந்தேன். பிப்ரவரி, புகார் என்ற கட்டத்தில் 'இல்லை' என்பதை அழித்துவிட்டு 'ஒன்று' என்று போட்டேன். கீழே குறிப்பும் எழுதினேன்: புகார் ஆய்வாளரிடமே சொல்லப்பட்டது, ஆய்வாளர் பதிவு செய்யவில்லை. அன்றைக்கு ஒன்றைப் போட்டு அழித்தேனே, இதை அழிக்கப் போவதில்லை. இதனால் பட்டம் போனால் போகட்டும் என்றெல்லாம் பெரிதாகச் சொல்ல மாட்டேன். போகக் கூடாது என்றுதான் இப்போதும் வேண்டிக்கொள்கிறேன்.

சார் போன் செய்தார். ஹாலில் எல்லாரும் வந்துவிட்டார்களாம். நேற்றே சொல்லியிருந்தும், எப்படியாவது வந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறார்.

"மாமியார் ஆபரேஷன், வர முடியாது சார். தேதி தள்ளித் தாங்க, இல்லன்னா விடுங்க."

"என்னம்மா ஜெசிந்தா இது! இத்தனை வருஷ உழைப்பு. வீட்ல பாத்துக்க வேற ஆளே இல்லையா?"

"இருக்கா சார். அவ முடியாதுன்னுட்டா."

போனை வைத்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. உள்ளேயிருந்து நர்ஸ் வந்து, "அந்தோணியம்மா கூட வந்தவங்க யாரு?" என்று கேட்டாள். நான்தான் என்று எழுந்தேன்.